அஸ்கிரிய மேட்டில் சில வெள்ளிக்கிழமைகள்

தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு 'நான் நேரில் கண்ட ஒரு விளையாட்டுப் போட்டி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். முப்பத்தொரு கொப்பிகள் வந்தன. அவற்றில் இருபத்தெட்டில் ஒரே கதை. ஊர் மைதானத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி, கடைசி ஓவர், கடைசிப் பந்து, சிக்ஸர், வெற்றி வீரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். எழுத்துப் பிழைகளைக்கூட ஒருவன் கொப்பியிலிருந்து இன்னொருவன் பெயர்த்திருந்தான். கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கையில் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன். அப்போது கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், அப்ப நீங்க நேர்ல பார்த்த மெட்ச் ஒண்டச் சொல்லுங்களேன்" என்றான்.

முரளிதரன் ஒரே இனிங்ஸில் ஒன்பது விக்கெட் எடுத்ததைச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டார்கள். இவர்களில் ஒருவரும் முரளி பந்து வீசி நேரில் பார்த்தவர்கள் இல்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் மணி அடித்து வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகு, அந்தக் கதையின் முக்கால்வாசியை நான் சொல்லவேயில்லை என்பது உறைத்தது. பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள். நான் பத்திரிகையைப் பார்த்துச் சொன்ன மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். மீதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அஸ்கிரிய மைதானத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டி நகரத்திலிருந்து மூச்சு வாங்க ஏற வேண்டிய மேட்டில் இருக்கிறது அது. கண்டி திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. ஏ.ஜி. ஃபிரேசர் அங்கே அதிபராக இருந்த காலத்தில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி உண்டாக்கிய மைதானம். 1915 இல் திறக்கப்பட்டது. மலையை வெட்டி எடுத்த இடம் என்பதால் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மதிலுக்கு வெளியே மேட்டில் நின்றும் மரக்கிளைகளில் தொங்கியும் காசில்லாமல் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு பாடசாலையின் மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடப்பது உலகத்திலேயே அபூர்வம். இங்கே நடந்தது. 1983 ஏப்ரல் 22 ஆம் திகதி அவுஸ்திரேலியாவுடன் தொடங்கி, 2007 டிசம்பரில் இங்கிலாந்துடன் முடிய, மொத்தம் 21 டெஸ்ட் போட்டிகள்.

அந்த 1983 ஏப்ரல் 22 ஒரு வெள்ளிக்கிழமை. நான் சொல்லப் போகிற மற்ற இரண்டு போட்டிகளும் வெள்ளிக்கிழமைகளில்தான் தொடங்கின. திட்டமிட்டு யாரும் செய்ததல்ல. ஆனால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்றால் அது இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். நடுவில் ஜும்ஆவுக்காக மேட்டிலிருந்து இறங்கி, நகரத்துப் பள்ளிவாசலுக்கு ஓடி, தொழுதுவிட்டு மறுபடி ஏற வேண்டும். இடையில் விழுந்த விக்கெட்டுகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

முதல் டெஸ்ட்டுக்குப் போனவர் வாப்பா. எனக்கு அப்போது மூன்று வயது. வாப்பா மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். அக்குறணைக்கும் அப்பாலுள்ள சிங்களக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, முற்றத்தில் காயப்போட்டிருப்பதைக் கையில் அள்ளிப் பார்த்து விலை பேசி, தோளில் சுமந்து வருவார். கிரிக்கெட்டை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தபால் கந்தோருக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை றேடியோவில் சிங்கள வர்ணனை கேட்டுத் தானாகப் படித்துக்கொண்டது.

அந்தப் போட்டியில் இலங்கை ஒரு இனிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றது. ஆனால் வாப்பா அதைத் தோல்வியாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை. அவர் சொன்னதெல்லாம் டேவிட் ஹூக்ஸ் அடித்த அடி பற்றித்தான். ஆட்டமிழக்காமல் 143. அதில் மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடையில் மட்டும் நூறு ஓட்டம். ஹூக்ஸ் தன் வாழ்நாளில் அடித்த ஒரே டெஸ்ட் சதம் அதுதான் என்பதை நான் பின்னாளில் சொன்னபோது வாப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்படி அடிக்கிற மனிசன் வேற எங்கயும் அடிக்கல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அர்ஜுன ரணதுங்க 90, இரண்டாவது இனிங்ஸில் சிதத் வெத்தமுனி 96. இருவரும் சதத்துக்குப் பக்கத்தில் வந்து தவறியதை ஏதோ தன் மூட்டையில் எடை குறைந்த மாதிரி சொல்வார்.

1985 செப்டெம்பரில் இந்தியா வந்தபோதும் போனார். ரோய் டயஸும் துலிப் மெண்டிஸும் சேர்ந்து 216 ஓட்டங்களைச் சேர்த்துப் போட்டியைக் காப்பாற்றினார்கள். டயஸ் 106, மெண்டிஸ் 124. அந்தச் சமநிலையோடு இலங்கை தன் முதலாவது டெஸ்ட் தொடர் வெற்றியைப் பெற்றது. உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினேன் என்பார். கை தட்டுவது வாப்பாவின் பழக்கம். நன்றாக அடித்தால் தட்டுவார், நன்றாக எறிந்தால் தட்டுவார். எந்தப் பக்கம் என்பதைத் தட்டி முடித்த பிறகுதான் யோசிப்பாரோ என்னவோ.

பிறகு நாடு இருந்த நிலையில் 1987 முதல் 1992 வரை இலங்கையில் டெஸ்ட் போட்டியே நடக்கவில்லை. ஆகவே நான் முதன்முதலில் அஸ்கிரிய மேடு ஏறியது 1994 ஆகஸ்ட் 26 ஆம் திகதி. வெள்ளிக்கிழமை. எதிரணி பாகிஸ்தான்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் ஊரில் பாகிஸ்தான் வென்றால் வெடி கொளுத்தியவர்கள் இருந்தார்கள். 1992 இல் இம்ரான்கான் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய படம் சலூன் கடைக் கண்ணாடியில் வெகுகாலம் ஒட்டியிருந்தது. முடி வெட்டப் போகிற நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிவோம். இல்லவே இல்லை என்று மறுக்கிற நம்மவர்களின் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. இருந்தது. இருந்தாலும்தான் என்ன? 1990 இல் இங்கிலாந்தில் நோர்மன் டெபிட் என்கிற அரசியல்வாதி, குடியேறி வந்த ஆசியர்கள் எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்ற பொருளில் பேசி, உலகமெங்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அங்கே அதற்குக் 'கிரிக்கெட் பரீட்சை' என்று பெயரே வந்துவிட்டது. நாங்கள் எங்கிருந்தும் நேற்றுக் குடியேறி வந்தவர்கள் அல்ல. ஆனாலும் அந்தப் பரீட்சை எங்களுக்கும் இருந்தது. பஸ்ஸில், சந்தையில், சில நேரம் ஆசிரியர் ஓய்வறையிலும்.

அன்று நாங்கள் உட்கார்ந்தது புல்மேட்டின் மேல்பகுதியில், ஒரு மர நிழலில். வாப்பா கடலைச் சுருள் இரண்டு வாங்கி ஒன்றை எனக்குத் தந்தார். பாகிஸ்தான் நாணயச் சுழற்சியில் வென்று களத்தடுப்பைத் தேர்ந்தெடுத்தது. வசீம் அக்ரமும் வக்கார் யூனிஸும் பந்து வீசத் தொடங்கினார்கள். வேறு யாருக்கும் பந்தே போகவில்லை. இலங்கை 28.2 ஓவர்களில் 71 ஓட்டங்களுக்குச் சுருண்டது. வக்காருக்கு 34 ஓட்டங்களுக்கு ஆறு, வசீமுக்கு 32 க்கு நாலு. சமிந்த வாஸ் என்கிற இளைஞருக்கு அதுதான் முதல் டெஸ்ட் போட்டி. பாவம், இப்படியா தொடங்க வேண்டும்!

தூரத்திலிருந்து பார்த்தால் வேகப்பந்து ஒன்றும் தெரியாது என்பார்கள். வக்காரின் பந்து தெரிந்தது. வெளியே போகிற மாதிரி வந்து, கடைசி நேரத்தில் யாரோ கயிற்றால் இழுத்த மாதிரி உள்ளே வளைந்து, மட்டையாளரின் காலடியில் இறங்கும். அப்படி ஒரு பந்தில் ஒரு விக்கெட் விழுந்தது. மேடு முழுவதும் "ஆ" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. அந்த அமைதியில் வாப்பா கை தட்டினார். இரண்டே தரம். பளார் பளார் என்று கேட்டது.

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டு, "நானா, ஒயாலாகே அய நே!" என்றார். உங்கட ஆக்கள்தானே என்று அர்த்தம். கோபத்தில் சொன்னதல்ல. கேலிதான். சுற்றியிருந்த ஐந்தாறு பேர் சிரித்தார்கள். வாப்பாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, சிங்களத்தில், "நல்ல பந்து மாத்தயா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

எனக்குப் பதினான்கு வயது. முகமெல்லாம் சூடேறிவிட்டது. எழுந்தேன். கடலைச் சுருளை எடுத்துக்கொண்டு கீழே நாலைந்து வரிசை இறங்கி, சிங்களப் பொடியன்கள் சிலர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே நல்ல வெயில். அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது என்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் மட்டும் திரும்பிப் பார்த்தேன். வாப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் இருந்தவரைக்கும் மறுபடி அவர் தட்டவில்லை.

ஜும்ஆவுக்கு இறங்கும்போது வாப்பா முன்னால், நான் பின்னால். தொழுகை முடிந்து மேடு ஏறவில்லை. "இனி என்னத்தப் பார்க்க" என்றார். பஸ்ஸில் ஜன்னலோர ஆசனத்தை எனக்குத் தந்தார். அந்த வயதில் அதைப் பெரிய வெற்றியாக நினைத்திருப்பேன். அன்று ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

வாப்பா அதன் பிறகு அஸ்கிரியவுக்கு வரவில்லை. நான் போனேன். 1996 மார்ச்சில் உலகக் கிண்ணப் போட்டியில் அதே மைதானத்தில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 398 ஓட்டங்கள் குவித்தது. 71 க்குச் சுருண்ட இடத்தில் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1999 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவை முதன்முதலாக டெஸ்ட்டில் வென்றதும் இங்கேதான். அதில் ஸ்டீவ் வோவும் ஜேசன் கிலெஸ்பியும் ஒரே பிடியை எடுக்க ஓடி மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு, மற்றவருக்குக் கால். ஹெலிகொப்டரில் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ப் பொடியன்கள் அதை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள். இந்தப் போட்டிகளையெல்லாம் விரிவாக எழுதலாம், ஆனால் அவற்றில் எனக்கு வெறும் சந்தோஷம்தான். எழுதுவதற்கு அதில் அதிகம் இல்லை.

இனி 2002. ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. சிம்பாப்வே அணி.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை மாணவன். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். உம்மாவுக்கு நான் போவதில் விருப்பமில்லை. ஒரு மாதத்துக்கு முன், 2001 டிசம்பர் 5 ஆம் திகதி, தேர்தல் நாளன்று, உடதலவின்னயில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நோன்பு காலம் அது. பெருநாளும் சத்தமில்லாமல் வந்து போயிற்று. என் வயதுப் பிள்ளைகள், பத்துப் பேர். கண்டி மாவட்டத்தில் எந்த உம்மாவுக்கும் அந்த நாட்களில் மகன் வீடு திரும்பும் வரை நித்திரை இல்லை. "கூட்டத்துக்குள்ள போகாதே மகன்" என்றார். வாப்பாதான், "போகட்டும், முரளிட ஊர்தானே" என்று சொல்லி அனுப்பினார்.

என்னோடு கலாசாலை நண்பன் ஒருவன் வந்திருந்தான். தோட்டத்துப் பிள்ளை. போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. வழியில் அடையாள அட்டையை இரண்டு தரம் காட்ட வேண்டியிருந்தது. அவனுடையதைக் கொஞ்சம் கூடுதலாகப் புரட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு அது பழக்கம். மேடு ஏறும்போது, "முரளியிட பாட்டனும் எங்கட பாட்டன் மாதிரி இந்தியாவில இருந்து தோட்டத்துக்கு வந்தவர்தான்" என்றான். முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். குண்டசாலையில் அவர்கள் குடும்பத்துக்கு பிஸ்கட் தொழிற்சாலை. ஆகவே அஸ்கிரியவில் முரளி ஆடினால் அது சொந்த வீட்டு முற்றத்தில் ஆடுகிற மாதிரி.

சிம்பாப்வே முதலில் துடுப்பெடுத்தாடியது. முரளி பந்தைக் கையில் எடுத்தார். பிறகு அன்று முழுவதும் ஒரே காட்சிதான். பந்து சுழலும், மட்டையாளர் தடுமாறுவார், முரளியின் கண்கள் விரியும், மேடு எழுந்து நிற்கும். ஜும்ஆவுக்கு நான் இறங்கி ஏறி வந்தபோது நண்பன் ஒன்றும் பேசாமல் விரல்களை விரித்துக் காட்டினான். மாலையில் ஆட்டம் முடிந்தபோது விழுந்தது ஒன்பது விக்கெட். ஒன்பதும் முரளிக்கு.

இதைக் கிரிக்கெட் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு இனிங்ஸில் விழும் பத்து விக்கெட்டுகளையும் ஒரே ஆள் எடுப்பது அதுவரை டெஸ்ட் வரலாற்றில் இரண்டே தரம்தான் நடந்திருந்தது. 1956 இல் மன்செஸ்டரில் ஜிம் லேக்கர், 1999 இல் டில்லியில் அனில் கும்ப்ளே. மூன்றாவது ஆள் எங்கள் கண்டியில், நாளைக் காலையில். மேடு முழுவதும் அதே பேச்சு. என் பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள முதியவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஹெட்ட எனவா நேத, புத்தா?" என்று கேட்டார். நாளைக்கு வருவாய்தானே மகனே. நானும் என் நண்பனும் அந்த முதியவரும் அன்று தட்டிய தட்டில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேருக்கும் முரளி சொந்தம்.

இரவு வாப்பாவிடம், "நாளைக்கு வாங்க வாப்பா. பத்தாவதப் பார்க்கலாம்" என்றேன். எட்டு வருடத்தில் நான் அவரை அஸ்கிரியவுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். "நீ பெய்த்து வா மகன். எனக்கு அந்த ஏத்தம் ஏற ஏலா" என்றார். அந்தக் கிழமையில் அதைவிடச் செங்குத்தான தோட்டங்களில் அவர் மூட்டையோடு ஏறி இறங்கியது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை. முரளி பந்து வீச வந்தார். களத்தடுப்பாளர்கள் மட்டையைச் சுற்றி வளைத்து நின்றார்கள். பந்து எகிறி, மட்டையில் பட்டு, பக்கத்தில் நின்ற ரசல் ஆர்னல்டிடம் போயிற்று. கைக்கு வந்த பிடி. விழுந்துவிட்டது. மேடு முழுவதும் தலையில் கை வைத்தது. மறுபக்கத்திலிருந்து வாஸ் வீசினார். விக்கெட் விழக் கூடாது என்று ஒரு மைதானமே துஆச் செய்வதை அன்றுதான் கண்டேன். ஆனால் ஹென்றி ஒலங்கா விக்கெட் காப்பாளர் சங்கக்காரவிடம் பிடி கொடுத்து ஆட்டமிழந்தார். சிம்பாப்வே 236 க்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. முரளிக்கு 51 ஓட்டங்களுக்கு ஒன்பது.

சொந்த அணி விக்கெட் எடுத்ததற்கு இப்படியொரு மௌனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வாஸ் செய்தது என்ன? தன் வேலையைச் செய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முந்தைய மாதம் 8 ஆம் திகதி, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில், இதே சிம்பாப்வே ஒருநாள் போட்டியில் 38 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது, விழுந்த முதல் எட்டு விக்கெட்டுகளும் வாஸுக்கு. கடைசி இரண்டையும் முரளி வந்து எடுத்துவிட்டார். கணக்கு எப்படியோ நேராகிவிட்டது என்று நாங்கள் மேட்டை விட்டு இறங்கும்போது பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா திண்ணையில் இருந்தார். றேடியோவில் எல்லாம் கேட்டிருந்தார். ஆர்னல்ட் விட்ட பிடியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"வாஸுக்கு யாராச்சும் கை தட்டினாங்களா?"

"இல்ல வாப்பா."

"நீ?"

நான் பேசாமல் நின்றேன்.

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

2006 ஏப்ரலில் பாகிஸ்தான் மறுபடி கண்டிக்கு வந்தது. மொஹமட் ஆசிப் பதினொரு விக்கெட் எடுத்தார். இலங்கை இரண்டாவது இனிங்ஸில் 73 ஓட்டங்கள், அதாவது 1994 ஐ விட இரண்டு ஓட்டம் கூட. நான் போகவில்லை. அப்போது நியமனம் கிடைத்து ஆசிரியனாகியிருந்தேன். பாடத்திட்டம், விடைத்தாள் என்று பல காரணங்கள் சொன்னேன். ஒன்றும் உண்மையில்லை. எனக்குக் கை தட்ட வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருடம், 2007 டிசம்பர் 1 ஆம் திகதி, சனிக்கிழமை, வாப்பாவை ஒருவாறு சம்மதிக்க வைத்து முச்சக்கர வண்டியில் அஸ்கிரியவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீரிழிவு காலைப் பிடித்திருந்தது. கையில் தடி. இங்கிலாந்து அணி. அதுதான் அந்த மைதானத்தின் கடைசி டெஸ்ட் என்று எங்களுக்கு அன்று தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த ரசிகர்கள் மைதானத்தின் ஒரு பக்கத்தை நிறைத்திருந்தார்கள். பாட்டும் கூத்தும். வெயிலில் இறால் மாதிரிச் சிவந்திருந்தார்கள்.

அன்று காலையில் மெத்தியூ ஹொகார்டின் பந்து வளைந்தது. வக்காரின் வேகம் இல்லை, ஆனால் அதே வளைவு. இலங்கை 42 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட். நான் வாப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடி மடியில் கிடந்தது. ஒரு பந்து காற்றில் வளைந்து இறங்கி விக்கெட் விழுந்ததும், அந்தக் கைகள் தாமாகவே எழுந்து தட்டின. இரண்டு தரம்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த சிங்கள இளைஞர்கள் இருவரும் தட்டினார்கள். "நியம போல் எக" என்றான் ஒருவன். அருமையான பந்து. அதே மேடு, அதே மனிதர், அதே தொப்பி. ஹொகார்டுக்குத் தட்டியபோது அது கிரிக்கெட் ரசனை. வக்காருக்குத் தட்டியபோது அது வேறொன்று. பதின்மூன்று வருடங்களாக நான் யாரிடமும் பேசாமல் வைத்திருந்த கணக்கு அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பின்னாலிருந்து கேலி பண்ணிய அந்த மனிதரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். எழுந்து கீழே போய் உட்கார்ந்தது நான்.

சங்கக்கார 92 எடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, எப்படியோ துணிந்து, "வாப்பா, தொண்ணூத்தி நாலில நான் எழும்பி கீழ பெய்த்து இருந்தேனே..." என்று தொடங்கினேன்.

வாப்பா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெயில் பட்டிச்சிதானே" என்றார்.

மர நிழல் மேலேதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடலைச் சுருளை என் பக்கம் நீட்டினார்.

திங்கட்கிழமை வாப்பாவின் கால் வீங்கிவிட்டது. வீட்டில் இருந்தே தொலைக்காட்சியில் பார்த்தோம். போல் கொலிங்வூட்டின் ஸ்டம்பை முரளி பெயர்த்தார். 709 ஆவது விக்கெட். ஷேன் வோர்னின் 708 என்ற உலக சாதனை எங்கள் ஊர் மேட்டில் முறிந்தது. தெருவில் வெடிச் சத்தம். முரளி 2010 இல் 800 ஐத் தொட்டு ஓய்வு பெற்றார். அவருடைய விக்கெட்டுகளில் 117 அஸ்கிரியவில் எடுத்தவை. வாப்பா அந்த 800 ஐயும் பார்த்துவிட்டு, 2011 இல் மௌத்தானார். பத்து விக்கெட்டையும் எடுத்த மூன்றாவது ஆள் 2021 டிசம்பரில்தான் வந்தார். மும்பாயில் பிறந்து நியூஸிலாந்துக்கு ஆடிய அஜாஸ் பட்டேல், தன் பிறந்த ஊரிலேயே இந்தியாவுக்கு எதிராக எடுத்தார். மும்பாய் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது வாப்பா இல்லையே என்று இருந்தது.

கண்டியின் டெஸ்ட் போட்டிகள் 2010 முதல் பல்லேகலைக்குப் போய்விட்டன. அஸ்கிரிய மறுபடி பாடசாலைப் பிள்ளைகளின் மைதானமாயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுடையதுதானே. பல்லேகலை பெரியது, வசதியானது, ஆனால் ஊருக்கு வெளியே கிடக்கிறது. அந்தப் பாதையிலேயே இன்னும் சில மைல் போனால் திகன. 2018 மார்ச்சில் அங்கே எரிந்த கடைகளையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தப் பாதையில் போவதே எனக்கு நெஞ்சைப் பிசைகிற காரியமாக இருந்தது.

ஆனாலும் 2023 செப்டெம்பர் 2 ஆம் திகதி போனேன். ஆசியக் கிண்ணப் போட்டி, இந்தியாவும் பாகிஸ்தானும். கட்டாரிலிருந்து வந்திருந்த மச்சான் டிக்கட் எடுத்துத் தந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் பதினான்கு வயது. வானம் காலையிலிருந்தே இருண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை. நின்றது. மறுபடி தொடங்கியது. (பின்னேரம் மறுபடி பெய்து, பாகிஸ்தான் துடுப்பெடுத்தாடாமலே போட்டி கைவிடப்பட்டது வேறு கதை.) நாங்கள் புல்மேட்டில் ஒரு ரெஜிபோம் துண்டை விரித்து இருந்தோம். சுற்றிலும் நீலச் சட்டைகள், பச்சைச் சட்டைகள், எங்கள் ஊர்ச் சனம்.

ஷாஹீன் அப்ரிடி வீசிய பந்து ஒன்று உள்ளே வளைந்து ரோஹித் சர்மாவின் மட்டைக்கும் காலுக்கும் இடையில் புகுந்து ஸ்டம்பைத் தட்டியது. மகன் துள்ளி எழுந்து கை தட்டினான்.

நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். நனைந்த குடையை உதறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பிறகுதான் நானும் தட்டினேன். அதற்குள் ஷாஹீன் பந்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்.